பாத்ரூம் கண்ணாடியில் தலைகீழ் ராஜகிரி

நாங்கள் பாண்டிச்சேரி ஞாயிற்றுச் சந்தைக்குப் போனது கதவுக் கைப்பிடி வாங்கத்தான். என் கணவர் கார்பெண்டர். செஞ்சியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர், வாசல் கதவுக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளைக் கைப்பிடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதைத் தேடித்தான் அந்த வெயிலில் பஸ் ஏறினோம்.

கைப்பிடி சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டிக்கும் மூக்கு உடைந்த டீ ஜாடிக்கும் நடுவில், சொம்பு கனத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் கிடந்தது. இரண்டு முனையிலும் கண்ணாடி. கடைக்காரர், "டெலஸ்கோப்பு சார். கப்பல்ல இருந்தது" என்றார்.

என் கணவர் அதைக் கண்ணில் வைத்துக் கடற்கரைப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. கப்பல் முழுகிப் போனதே இதாலதான் போல இருக்குது" என்றார்.

நான் அதைக் கையில் வாங்கினேன். கடைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்ததால் நாங்கள் நின்ற இடம் இருட்டாகவும் தெரு பளிச்சென்றும் இருந்தது. குழாயைத் தெருப்பக்கம் காட்டி, கணவரின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில் பிடித்தேன். அவர் வயிற்றின் மேல் தெரு வந்துவிட்டது. தலைகீழாக ஒரு ஆட்டோ போனது. தலைகீழாக ஒருவர் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பழத்தின் மஞ்சள்கூட அப்படியே தெரிந்தது.

"அசையாதீங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"உங்க மேல டிராபிக் போயிட்டிருக்குது."

குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது டெலஸ்கோப் இல்லை, பழைய காலத்துப் பெட்டி கேமரா லென்ஸ் என்று எனக்குப் புரிந்தது. அதன்மேல் என்னவோ எழுதியிருந்தது. யாரோ புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தெல்லாம் போய்விட்டிருந்தது. கண்ணாடி லேசாக மஞ்சள் பூத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழியோடு இருந்தது.

எனக்கு இதில் ஏன் ஆசை வந்தது என்று சொல்ல வேண்டும். நான் செஞ்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் எல்லாம் ஃபிலிம்தான். சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் மருந்துத் தொட்டிக்குள் ஃபிலிமை இறக்கினால், கொஞ்ச நேரத்தில் ஒரு கை மெதுவாக எழும்பி வரும். பிறகு கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. இருட்டறை மாப்பு, பக்கெட், பினாயில் வைக்கும் ரூமாகிவிட்டது. தேதி முடிந்த ஃபிலிம் பெட்டிகள் ஐந்து அங்கே அலமாரியில் கிடந்தன, எல்லாம் எட்டுக்குப் பத்து அங்குல அளவு. "அத்த தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்று டாக்டர் நாலைந்து தடவை சொல்லியிருந்தார். நான்தான் போடாமல் இருந்தேன்.

லென்ஸைப் பார்த்ததும் அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. அந்தக் காலத்துப் பெரிய கேமராக்களில் ஃபிலிம் ஒவ்வொன்றும் ஒரு தாள் அளவுக்கு இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். தாளும் இருக்கிறது, லென்ஸும் வந்துவிட்டது. நடுவில் ஒரு பெட்டி மட்டும்தான் இல்லை. பெட்டி செய்கிறவரையோ கல்யாணமே செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் அந்தப் பெட்டியை மூன்று மாதத்தில் செய்தார். சம்பளம் தரும் வேலைகளுக்கு நடுவில் செய்ததால் அவ்வளவு நாள். சட்டத்துக்கு ஒரு பழைய ஜன்னலின் தேக்கு. ஆர்மோனியத்தின் மடிப்பு மாதிரி முன்னும் பின்னும் நகர வேண்டிய துருத்திக்கு உள்ளே குடைத்துணி, வெளியே கறுப்பு ரெக்ஸின். ஃபிலிம் வைக்கும் சட்டத்துக்கு மூடியாக, கிச்சன் கப்போர்டில் ஒட்டியது போக மிஞ்சிய மைக்கா ஷீட். பிம்பம் விழ ஒரு மங்கல் கண்ணாடி வேண்டுமே என்று நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எங்கேயோ போய் ஒரு துண்டோடு வந்தார்.

"இன்னா இது?"

"பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி. கஸ்டமர் வீட்ல கட்டிங் மிஞ்சினது. இதுலயும் ஆளு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் வரணும். அதானே உனக்கும் வேணும்?"

அதேதான் வேண்டியிருந்தது.

லென்ஸில் ஷட்டர் என்று எதுவும் கிடையாது. மூடியைக் கழற்றினால் படம் விழும், திரும்ப மூடினால் நிற்கும். அவ்வளவுதான். அதன் சொந்த மூடி எந்தக் காலத்தில் தொலைந்ததோ, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் மூடி அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. எத்தனை தடவை கழுவியும் அந்த வாசனை போகவில்லை. வெளிச்சத்தைக் குறைக்க, லென்ஸின் நடுவில் இருந்த சந்தில், ஃபிலிம் சுற்றி வந்த கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டுச் செருகினேன்.

முதல் நாலு ஃபிலிமும் வீண். துருத்தியில் எங்கோ வெளிச்சம் ஒழுகியது. பெட்டிக்குள் டார்ச்சை வைத்து மூடி, ஒவ்வொரு ஓட்டையாகக் கண்டுபிடித்து அடைத்தோம். ஐந்தாவதில் என் கணவர் விழுந்தார். மொட்டை மாடியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், புதுச் சட்டையில்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பக்கெட்டுகளை வெளியே வைத்துவிட்டு இருட்டறையில் கழுவினேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். "எலும்பாவே பாத்த ரூமு, ஒரு மனுசன் மூஞ்சியும் வரட்டும், பண்ணுங்க" என்றார். காய்ந்த நெகடிவைப் போட்டோ தாளின் மேல் நேராகப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, ஒரு நொடி டார்ச் அடித்துப் பிரின்ட் போட்டேன். நெகடிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிது. பெரிதாக்கும் வேலையே கிடையாது.

என் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் செத்து மூணு நாள் ஆன மாதிரி இருக்குது."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் அதைக் கையாள முடிகிறது. நம் தோலிலும் உதட்டிலும் இருக்கும் சிவப்பு அதற்கு வெறும் கறுப்பு. முகத்தில் எந்த மருவும், எந்த வெயில் பட்ட திட்டும், எந்தச் சுருக்கமும் அதற்குத் தப்பாது. நாற்பது வயது மனிதர் அறுபதைத் தொட்டிருந்தார். ஆனால் அந்தக் கண்கள்! லென்ஸின் நடுப்பாகம் கண்ணையும் மூக்கையும் கத்தியால் கீறின மாதிரி பிடித்திருந்தது. ஓரத்துக்குப் போகப் போகத் துணிக்கொடியும் சுவரும் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிந்து மங்கியிருந்தன. அப்படி ஒரு படத்தை நான் போனில் பார்த்ததே இல்லை.

"கோட்டைய எடுக்கலாம். அதுக்கு ஏற்கெனவே வயசாயிடுச்சு" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு காலை பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, செஞ்சிக் கோட்டையின் பெரிய மலையான ராஜகிரிக்குப் போனோம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் எங்கள் பெட்டியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் பார்த்து மரியாதையாகவே சொன்னார்: "ஸ்டாண்டு வெச்சு எடுக்கறதுன்னா பெர்மிஷன் லெட்டர் வேணும் மேடம். போன்ல எடுங்க, எத்தினி வேணா எடுங்க." சட்டம் சட்டம்தான். அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்க ஆஞ்சநேயர்தான் வர வேண்டும். திரும்பிவிட்டோம்.

திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போய், மண் பாதையில் இறங்கினால் மல்லாட்டைக் கொல்லைகள், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். அங்கிருந்து பார்த்தால் ராஜகிரி முழுசாகத் தெரியும், உச்சியில் இருக்கும் கட்டடத்தோடு. வானம் மூடியிருந்தது. வரப்போரமாக ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டைப் பிரித்து, பெட்டியை ஏற்றி, தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு மங்கல் கண்ணாடியைப் பார்த்தேன். வந்துவிட்டது. பாத்ரூம் கண்ணாடியில் ராஜகிரி வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

துணிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"யாரு நீங்க? என் கொல்லையில இன்னா அளவெடுக்கறீங்க?"

துணியை எடுத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, கையில் களைக்கொத்து. பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், பக்கத்துக் கொல்லையிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் கையில் அளவு டேப் இருந்தது. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வைத்திருந்தது. அவர் அதைச் சட்டென்று பின்னால் மறைத்தார். மறைத்ததுதான் தப்பாகப் போய்விட்டது.

"பாத்தியா, டேப்ப ஒளிக்கறான்!" என்றாள் ஒருத்தி.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், கொல்லைகளை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று காலில் ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் குனிந்து பார்க்கும் ஒரு பெண், கையில் டேப்போடு ஒரு ஆள். எங்களைப் பார்த்தால் எனக்கே சர்வேயர் என்றுதான் தோன்றியிருக்கும்.

"இல்லக்கா, நாங்க அளவெடுக்கறவங்க இல்ல. இது கேமரா" என்றேன்.

"கேமராவா? இவ்ளோ பெருசா? என் மருமவன் போன்லயே மூணு கேமரா இருக்குது. யாருகிட்ட காது குத்தறீங்க?"

"மெய்யாலுமே கேமராதான்மா" என்றார் என் கணவர். "நான் செஞ்சது."

"நீ செஞ்சியா? அப்ப கெவருமென்டு குடுத்தது இல்லியா?"

"ஜன்னல் கட்டைம்மா. பாருங்க, தாழ்ப்பா போட்ட ஓட்டகூட இருக்குது."

அவர் காட்டிய இடத்தை அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். அப்படியும் நம்பவில்லை. இது பேசித் தீரும் விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "வாங்கக்கா, நீங்களே பாருங்க" என்று கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தேன். அவர் களைக்கொத்தை விடாமலேயே உள்ளே தலையை நுழைத்தார்.

கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அடி ஆத்தே. மல கீழ தொங்குது. என் கொல்ல மேல இருக்குது!"

அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் உள்ளே போய் ஒவ்வொரு சத்தம் போட்டாள். ஒருத்தி வெளியே வந்து, மலை நிஜமாகவே சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இன்னொருத்தியை நாங்கள் வேப்பமரத்தடியில் நிற்க வைத்து மற்றவர்களுக்குக் காட்டினோம்; தலைகீழாக நின்றும் அவள் சேலை கீழே விழாமல் இருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு. மலையைப் படம் எடுக்க வந்ததே எனக்கு மறந்துவிட்டது.

கடைசியில் கொல்லைக்கார அம்மா களைக்கொத்தை வரப்பில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னிய ஒண்ணு எடு பாப்பா."

மரத்தடியில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார வைத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். மேகமும் மர நிழலும் லென்ஸின் மஞ்சளும் சேர்ந்ததால் நாலு எண்ணும் வரை மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. நாலு எண்ணும் வரை ஆடாமல் இருப்பது லேசு இல்லை. எனக்கு என் தொழில் வாயில் வந்தது.

"மூச்ச இழுங்க. புடிங்க. ஆடாதீங்க."

ஊறுகாய் மூடியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூடினேன்.

"விடுங்க."

"எக்ஸ்ரே எடுக்கற மாரியே சொல்றியே" என்றார் அவர்.

"அங்கதாங்கா வேல பாக்கறேன்."

"அதான பாத்தேன். போன வருசம் என் முட்டிய எடுத்தது நீதான்!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் வேற்று ஆள் இல்லை. ஒரு முந்தானை நிறையப் பச்சை மல்லாட்டை பிடுங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அடுத்த வாரம் பிரின்டோடு அவர் வீட்டுக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. என் கணவரைக் கிழவராக்கிய ஃபிலிம் இவரையும் விடவில்லை. எழுபது வயதுபோல் இருந்தார். படம் என்னவோ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நெஞ்சு நிமிர்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காத ஒரு ஆளாகத் தெரிந்தார். பின்னால் வேப்பிலைகள் எல்லாம் சுழன்று கரைந்திருந்தன.

அவர் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"கொஞ்சம் வயசானா மாரி வந்துடுச்சுக்கா. அந்த ஃபிலிமு அப்பிடி" என்று ஆரம்பித்தேன்.

"இது நான் இல்ல பாப்பா" என்றார். "இது எங்கம்மா."

அப்புறம் சொன்னார். அவருடைய அம்மா கூலி வேலைதான் செய்தாராம், இதே கொல்லைகளில், அப்போது இவை வேறு ஒருவருடையவை. வோட்டர் கார்டுக்குப் படம் எடுக்க ஊருக்கு ஆள் வந்ததற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அவருக்குப் படம் என்று ஒன்று எந்த மூலையிலும் கிடையாது. கடைசித் தம்பிக்கு அப்போது பத்து வயது. அவனை வளர்த்துப் படிக்க வைத்தது இந்த அக்காதான். தம்பி இப்போது செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் வாத்தியார். இந்த அரை ஏக்கர் தம்பியும் அக்காவும் சேர்ந்து வாங்கியது.

நான் இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். படம் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் மாலை போட்டு, குங்குமப் பொட்டு வைத்து, கீழே ஒரு சின்ன சீரியல் பல்பும் எரியவிட்டிருந்தார். அந்தப் படத்தின் கீழேயே, அதே முகத்தோடு, உயிரோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா! இன்னாக்கா இது! உங்க படத்துக்கே மாலையா? எடுங்க மொதல்ல."

"அது என் படம் இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது? உக்காரு. டீ குடிக்கறியா?"

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவரே போன் செய்தார். தம்பி வந்திருந்தானாம். உள்ளே நுழைந்து படத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டானாம். "அம்மா போட்டோ எங்கக்கா கெடச்சுது?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதானாம்.

"இன்னா சொன்னீங்க?"

"ஒருத்தர் வெச்சிருந்தாங்க, குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன். பொய்யி இல்லியே, நீதான வெச்சிருந்த? இன்னொரு காப்பி வேணும்னு கேக்கறான் பாப்பா, அவன் ஊட்டுல மாட்ட. அவன் எப்படி கண்டுபுடிச்சான் தெரியுமா? மூக்குத்திய வெச்சு. ஊருல எல்லாரும் வலது பக்கம் குத்துவாங்க, எங்கம்மாவுக்கு மட்டும் எடது பக்கம். சின்னதுல வலது பக்கம் குத்தி சீழு வெச்சுப் போயி, இந்தப் பக்கம் மாத்திக் குத்தினாங்களாம். போட்டோவுல எடது பக்கந்தான இருக்குது! நான் அத்த கவனிக்கவேயில்ல. ஆனா எனுக்கு வலது பக்கந்தான இருக்குது பாப்பா? அது எப்படி?"

எப்படி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். தொட்டுப் பார்த்து எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. நான் நெகடிவைப் புரட்டிப் போட்டுப் பிரின்ட் எடுத்திருக்கிறேன். இடது வலதாகி, வலது இடதாகிவிட்டது. என் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இடது கையா வலது கையா என்று தெரிய ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் ஈயத்தில் ஒரு எழுத்து வைத்துத்தான் எடுப்போம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் மாற்றி வைத்ததில்லை.

மறுநாள் நெகடிவைச் சரியான பக்கம் வைத்து இன்னொரு பிரின்ட் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கண், அதே கை, அதே மரம். ஆனால் இது வேறு ஆள்போல இருந்தது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கணவரும் பார்த்துவிட்டு, "இது அந்த அம்மா. அது அவங்க அம்மா" என்றார்.

போய் உண்மையைச் சொன்னேன். தப்பு என்னுடையது, காப்பி போடுவதற்கு முன் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு மனசு கேட்கவில்லை என்றேன். அவர் புதுப் படத்தைப் பார்த்து, "ஆங், இது நானு" என்றார், சாதாரணமாக. பிறகு கொஞ்சம் யோசித்தார். "சரி. ஞாயித்துக்கெழம வர்றான். நீயும் வா. நீயே சொல்லு. எனுக்கு இந்த பொரட்டிப் போடறதெல்லாம் சொல்ல வராது."

ஞாயிற்றுக்கிழமை போனோம், என் கணவரும் நானும், பெட்டியும். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "நீங்கதான் குடுத்ததா? ரொம்பத் தேங்க்ஸ் மேடம்" என்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் சொன்னேன். ஃபிலிம், சிவப்பு, புரட்டிப் போட்டது எல்லாவற்றையும் சொல்லி, இரண்டாவது பிரின்டை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். சுவரில் இருந்ததைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தாலும் நியாயம்தான்.

"அக்கா, இது அம்மா மாரி இருக்குதுன்னு உனக்கு மெய்யாலுமே தோணுச்சா?"

"அப்படியேதான்டா இருக்குது. பாத்ததும் எனுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு."

"எனுக்கு அம்மா மூஞ்சி மறந்துபோயி எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா?" என்றார் அவர். "மூக்குத்தி மட்டுந்தான் ஞாபகம் இருக்குது. யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்லவே வெக்கமா இருக்கும். நீ பாத்திருக்க, உனக்கு ஞாபகம் இருக்குது. நீ இதுதான்னா இதுதான்."

பிறகு அக்கா எழுந்து போய், சுவரில் இருந்த படத்தை இறக்கி மாலையை மட்டும் கழற்றிவிட்டு, படத்தைத் தம்பியின் பையில் வைத்தார். "உன் ஊட்டுல மாலை போட வேணாம். பொட்டு மட்டும் வை. இவ சொல்றாப்பல, பாதி நானும் இருக்கேன் அதுல." காலியான ஆணியில் புதுப் படத்தை மாட்டினார். இந்தத் தடவை மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. சீரியல் பல்பை மட்டும் அணைக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறதாம்.

என் கணவர் அதற்குள் வாசலில் ஸ்டாண்டைப் பிரித்துவிட்டார். "அக்காவும் தம்பியும் நில்லுங்க. ஒண்ணு எடுத்துடலாம்."

நிற்க வைத்தோம். மூச்சை இழுங்க, புடிங்க என்றேன். மூடியை எடுத்து இரண்டு எண்ணுவதற்குள் வாத்தியார், "மேடம், எலுமிச்சங்கா ஊறுகா வாசன வருது" என்று சொல்லிவிட்டார். அக்கா சிரித்துத் தலையை ஆட்ட, படத்தில் இரண்டு பேரும் அழிந்துபோனார்கள். அடுத்த ஃபிலிமில் ஒழுங்காக நின்றார்கள். அந்தப் படம் அனந்தபுரத்துக்குப் போயிற்று. ஆடிப்போன முதல் படத்தைத் தூக்கிப் போடத்தான் நினைத்தேன், என் கணவர் விடவில்லை. அதில் வீட்டுக் கதவு நன்றாக விழுந்திருக்கிறதாம். அதன் நிலைச்சட்டம் கொஞ்சம் சாய்ந்திருப்பதைக் காட்டி, வந்து சரி செய்து தருகிறேன் என்று அந்த அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.